எடுத்து வைத்துக்கொண்ட வேலை

"மேடம், நான் உங்களுக்கு அடுத்த ரேங்க்கு" என்று ஒருவர் போனில் சொன்னபோது நான் தல்லாகுளத்தில் ஒரு காய்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. லோன் தருகிறேன், கார்டு தருகிறேன் என்று நாளெல்லாம் கூப்பிடுகிறவர்களில் ஒருவர் என்று நினைத்து, "எங்களுக்கு ஒண்ணும் வேணாம்" என்று வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தது.

"வச்சுறாதீங்க மேடம், ஒரு நிமிசம். கவர்மெண்ட் கம்ப்யூட்டர் வேலைக்குப் பரீட்சை எழுதுனீகள்ல, அந்த லிஸ்ட்டு. நம்ம கம்யூனிட்டிப் பிரிவுல இருக்குறது ஒரே ஒரு எடம், அதுவும் மதுரையிலயே. நீங்க முன்னாடி, நான் பின்னாடி. ஒன்றரை மார்க்குதான் வித்தியாசம்."

"என் நம்பர் உங்களுக்கு எப்பிடிக் கெடச்சுச்சு?"

"வாட்ஸ்அப் குரூப்புல வாங்குனேன்."

"எந்தக் குரூப்பு? கேக்காமக் கொள்ளாம பொம்பளைக நம்பர எடுத்துக் குடுக்குறதுதான் அந்தக் குரூப்போட வேலையா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் கத்தரிக்காய் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவும் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தால் இடம் பொருள் தெரியாது. அந்த மனிதர் நான் கத்தி முடிக்கிற வரைக்கும் பொறுமையாக இருந்தார். பிறகு சொன்னார்:

"தப்புத்தாங்க, மன்னிச்சுக்கங்க. எனக்கு இதுதான் கடைசிச் சான்சு. அடுத்த தடவ போட்டா வயசு தாண்டிரும். நீங்க வேலைக்குப் போறதா இருந்தா சந்தோசமாப் போங்க, நீங்க எழுதி வாங்குனது. போறதா இல்லேன்னா கவுன்சிலிங்குக்கு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிருங்க. அம்புட்டுத்தான் மேடம்."

"சரி, சொல்றேன்" என்று வைத்தேன். வீட்டுக்கு வந்து அந்த நம்பரை 'அடுத்த ரேங்க்' என்றே போனில் பதிந்துகொண்டேன். பெயரைக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

நான் அந்தப் பரீட்சையை எழுதியதே ஒரு பயத்தில்தான். ஊருக்கு வெளியே ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். கடல் கடந்த ஒரு தேசத்தில் எவனோ கார் மோதிவிட்டு இன்சூரன்ஸ் பணம் கேட்டால், அந்த விண்ணப்பம் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கிற புரோகிராம் எங்களுடையது. நல்ல சம்பளம், நல்ல ஏசி, நல்ல காபி. ஒரு வியாழக்கிழமை காலையில் பதினோரு பேருக்கு 'ஒரு சிறிய சந்திப்பு' என்று மெயில் வந்தது. போனவர்கள் திரும்பி வரும்போது கையில் லேப்டாப் இல்லை. எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவர் மேசையிலிருந்த சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு, "வாரேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மனிதர். அன்று மதியம் நான் சாப்பிடவே இல்லை.

அந்த வாரத்தில்தான் அரசுத் தேர்வு அறிவிப்பு கண்ணில் பட்டது. படித்தேன் என்று சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் பகுதி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பொது அறிவுக்கு மட்டும் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். எழுதிவிட்டு மறந்தும் போனேன். முடிவு வர ஒன்றரை வருடம் ஆயிற்று. அதற்குள் கம்பெனி மறுபடி ஆள் எடுக்க ஆரம்பித்திருந்தது. பயம் போய்விட்டது, வீட்டுக் கடன் வந்துவிட்டது, மகள் யு.கே.ஜி. சேர்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து ரேங்க் வந்தது.

என் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. போன் போட்டுப் போட்டு சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொன்னாள். என் வீட்டுக்காரர் கோர்ட்டில் உதவியாளர். அரசாங்க நாற்காலியில் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறவர். அவர் மட்டும் சந்தோஷமும் படவில்லை, வருத்தமும் படவில்லை.

"வந்தா வா. ஆனா ஒன் வாய வீட்லயே வச்சுட்டு வரணும். அங்க எவனும் ஒனக்குப் பதில் சொல்ல மாட்டான். நீ கத்திட்டு நெஞ்சு வலி வந்து படுத்துக்கிருவ."

"சம்பளம் பாதிக்கும் கீழங்க."

"தெரியும்ல. பெறகு என்கிட்ட ஏன் கேக்குற? ஒன் முடிவுதான்."

இப்படிச் சொன்னால் எனக்கு எரிச்சல் வருமா வராதா? போகாதே என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன். போ என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போகாமல் இருந்திருப்பேன். மனிதர் இரண்டும் சொல்லாமல் டிவி பார்க்கப் போய்விட்டார்.

நேரிலேயே பார்த்துவிடலாம் என்று ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, நான் சேர்ந்தால் உட்காரப்போகிற அலுவலகத்துக்குப் போனேன். வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் பத்து நிமிடம்கூட இல்லை. கம்ப்யூட்டர் பிரிவு என்பது மாடியில் ஓர் அறை. நாலு கம்ப்யூட்டர், எல்லாவற்றின் நெற்றியிலும் போன ஆயுத பூஜையின் சந்தனம் குங்குமம். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு அடியில் ஒரு வாளி. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். எழுந்து நின்றுவிட்டாள்.

"உக்காரும்மா. நான் இன்னும் சேரவே இல்ல. இங்க வேல என்னன்னு தெரிஞ்சுக்கிறலாம்னு வந்தேன்."

"மீட்டிங் இருந்தா மைக்கு, கேமரா வேல செய்யுதான்னு பாக்கணுங்க்கா. பிரிண்டர்ல பேப்பர் சிக்குனா கூப்புடுவாக. பாஸ்வேர்ட மறந்துட்டு வருவாக, மாத்திக் குடுக்கணும். ரிப்போர்ட்டு கேட்டா எடுத்துக் குடுக்கணும்."

"புரோகிராம் எழுதுற வேல?"

"அதெல்லாம் சென்னையிலருந்து வந்துருங்க்கா. நாம பட்டன அமுக்குறதுதான்."

அடப் போங்கடா என்று இருந்தது. எழுந்துவிடலாம் என்று பையை எடுத்தேன். அப்போது வயதான ஒருவர் உள்ளே வந்தார். வாடிப்பட்டிப் பக்கம் விவசாயி. சொட்டுநீர் மானியத்துக்கு விண்ணப்பித்துவிட்டு நாலு மாதமாக அலைகிறாராம், நிலுவை நிலுவை என்றே வருகிறதாம். அந்தப் பெண் விண்ணப்ப எண்ணைப் போட்டுத் திறந்தாள். நான் சும்மா இருக்க முடியாமல் எட்டிப் பார்த்தேன். அவருடைய வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் விடுபட்டிருந்தது. பாஸ்புக்கைப் பார்த்து நான் சொல்ல, அவள் திருத்தினாள். இரண்டே நிமிடம்.

"சரியாப் போச்சா? நெசமாவா தாயி?" என்று அவர் என்னையும் அவளையும் மாறி மாறிக் கேட்டார். "இனி நான் வர வேணாம்ல?"

"வேணாங்கய்யா."

படியிறங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். ஒன்பது வருடத்தில் நான் எத்தனை ஆயிரம் தவறுகளைத் திருத்தியிருப்பேன். திருத்தியதால் பிரயோஜனப்பட்ட ஒரு முகத்தைக்கூட அதுவரை பார்த்ததில்லை. இந்த வேலைக்கே வந்துவிடலாம் என்று வீடு வருகிற வரைக்கும் நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் வங்கியிலிருந்து மாதத் தவணைக்கான குறுஞ்செய்தி வந்திருந்தது.

கணக்கு எப்படிப் போட்டாலும் உதைத்தது. அங்கே போனால் அறுபது வயது வரைக்கும் எவனும் எழுந்து போ என்று சொல்ல முடியாது. ஆறு மணிக்கு வீட்டில் இருக்கலாம், பிள்ளையோடு உட்காரலாம். ஆனால் மூன்று வருடம் மைக்கும் பிரிண்டரும் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தால் எந்தக் கம்பெனியும் என்னைச் சீந்தாது. எங்கள் தொழிலில் மூன்று வருடம் விட்டால் விட்டதுதான்.

இதற்கிடையில் சான்றிதழ்களை இணையத்தில் ஏற்றச் சொல்லிக் கடிதம் வந்தது. நான் வீட்டிலிருந்தே ஏற்றப் பார்த்தேன். கோப்பின் அளவு கூட, அளவு குறைவு, எழுத்து தெளிவில்லை என்று தள்ளித் தள்ளி விட்டது. கம்ப்யூட்டர் இன்ஜினியர் என்று பெயர்தான். அப்போதுதான் 'அடுத்த ரேங்க்' இரண்டாவது முறையாகக் கூப்பிட்டார்.

"முடிவு கேக்கல மேடம், பயந்துறாதீக. சர்டிபிகேட்டு ஏத்திட்டீகளா? கடேசி நாள்ல சர்வர் படுத்துக்கிரும்."

"ஏற மாட்டேங்குது."

"ஆரப்பாளையம் வந்துருங்க. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல கம்ப்யூட்டர் சென்டர்லதான் இருக்கேன். பத்து நிமிசத்துல ஏத்திரலாம்."

போனேன். லாட்ஜுகளுக்கு நடுவில் ஆறடி அகலத்தில் ஒரு கடை. அவர் அங்கே சம்பளத்துக்கு இருக்கிறவர். காலேஜ் சேருகிறவர்கள், போலீஸ் தேர்வு எழுதுகிறவர்கள், வருமானச் சான்று வாங்குகிறவர்கள் என்று எல்லாருக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதுதான் வேலை. வாசலில் இருபது பேர் நின்றார்கள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், முன்மண்டையில் முடி கொட்டியிருந்தது. உசிலம்பட்டிப் பக்கம் ஊர், அம்மா மட்டும்தான், கல்யாணம் ஆகவில்லை. இதெல்லாம் நான் கேட்காமலே ஸ்கேன் பண்ணிக்கொண்டே சொன்னார். வேலை வந்த பிறகு கல்யாணம் என்று எட்டு வருடமாகத் தள்ளிக்கொண்டு வருகிறாராம்.

"எட்டு வருசமா எழுதுறீங்களாண்ணே?"

"ஆமாங்க. இந்தத் தடவதான் பக்கத்துல வந்துருக்கேன்."

பேசிக்கொண்டே வந்தவர், என் சாதிச் சான்றிதழை ஸ்கேனர் கண்ணாடி மேல் வைக்கப் போனபோது நிறுத்திவிட்டார். எடுத்துப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"ஏம்மா, இது ஒங்க வீட்டுக்காரர் பேர்ல வாங்கியிருக்கு."

"ஆமா, கல்யாணத்துக்குப் பெறகு வாங்குனது."

"செல்லாதும்மா. பொம்பளப் பிள்ளைகளுக்கு அப்பா பேர்லதான் இருக்கணும். இத ஏத்துனீகன்னா தள்ளிருவாக."

"இப்ப என்னண்ணே பண்றது?"

"இன்னும் ஒம்பது நாள் இருக்குல்ல. இப்பவே புதுசா அப்ளை பண்ணிருவோம். நாளைக்கு நீங்க வி.ஏ.ஓ.வப் போயிப் பாத்துருங்க. அப்பாவோட சான்று, ஒங்க பள்ளிக்கூட டி.சி. ரெண்டையும் கையில கொண்டு போங்க. அஞ்சு நாள்ல வந்துரும்."

அங்கேயே உட்கார்ந்து விண்ணப்பத்தைப் போட்டுக் கொடுத்தார். ஏழாம் நாள் புதுச் சான்றிதழ் வந்தது, அவரே ஏற்றினார். நான் எவ்வளவு என்று கேட்டபோது கடையின் வழக்கமான கட்டணத்தை மட்டும் வாங்கினார். அவர் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு பழைய சான்றிதழையே ஏற்றிவிட்டிருந்தால் என் பெயர் அடிபட்டு அந்த ஒரே இடம் அவருக்கு வந்திருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கே தெரிந்திருக்காது. இதை வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அந்த ஆளுக்குச் சீக்கிரமா ஒரு பதில் சொல்லிரு" என்றார்.

சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், கம்பெனியில் என் கூட வேலை பார்க்கிற தோழியிடம் யோசனை கேட்டேன். அவள் கேண்டீனில் தோசையைப் பிய்த்துக்கொண்டே சிரித்தாள்.

"லூசாடி நீ? ஆர்டர மொதல்ல கையில வாங்கு. சேர்றதும் சேராததும் பெறகு. கையில ஒரு லெட்டர் இருந்தாத்தான் இங்க எவனாச்சும் மதிப்பான்."

எங்கள் தொழிலில் இது தினமும் நடப்பது. வேறு கம்பெனியில் இன்டர்வியூ போய், வேலைக்கான கடிதத்தை வாங்கிவந்து, இங்கே மேனேஜர் முன்னால் வைத்தால் சம்பளம் ஏறும். ஒரே நேரத்தில் மூன்று கடிதம் கையில் வைத்திருக்கிறவர்கள் உண்டு. சேர்வது ஒன்றில்தான். மற்ற இரண்டு கம்பெனிக்காரனும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வான். யாருக்கும் நஷ்டமில்லை, யாரும் இதைத் தப்பாக நினைப்பதும் இல்லை. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, பிறகு ஏறலாமா வேண்டாமா என்று நிதானமாக யோசிக்கிற மாதிரி. அம்மாவும் அதையேதான் சொன்னாள்: "எடுத்து வைடி. வேணாம்னா விட்டுட்டுப் போறோம்."

கவுன்சிலிங் சென்னையில். முதல் நாள் ரயிலேறுவதற்கு முன் 'அடுத்த ரேங்க்' அண்ணன் கூப்பிட்டார்.

"நாளைக்கு வாரீகளாம்மா?"

"வாரேண்ணே."

"சரிம்மா. நானும் வாரேன். எனக்கும் லெட்டரு வந்துருக்கு, பேருக்குக் கூப்பிட்டுருக்காக. பாப்போம்."

ஒரு பெரிய கூடம், வரிசையாக நாற்காலிகள், முன்னால் ஒரு திரை. திரையில் ஒவ்வொரு பிரிவிலும் எஞ்சியிருக்கிற இடங்கள் தெரியும். எங்கள் பிரிவில் மதுரை என்று ஒரே ஒரு வரி. அவர் எனக்கு நாலு வரிசை பின்னால், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். மடியில் சான்றிதழ்ப் பை. என் எண்ணைக் கூப்பிட்டார்கள். போனேன். "மதுரை எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டார்கள். "எடுத்துக்கறேன்" என்றேன். திரையில் அந்த வரி மறைந்தது. அடுத்து அவரைக் கூப்பிட்டு, உங்கள் பிரிவில் இடம் முடிந்துவிட்டது என்று சொல்லி ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

வெளியே வந்து எனக்காக நின்றுகொண்டிருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நல்லதும்மா. சொந்த ஊர்லயே கெடச்சிருக்கு, யாருக்குக் கெடைக்கும்" என்றார். "சேரும்போது மெடிக்கல் சர்டிபிகேட்டு வேணும், அரசாங்க டாக்டர்கிட்டத்தான் வாங்கணும். மறந்துறாதீக."

இதைச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். ரயிலில் வரும்போது எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்: நான் சேரவில்லை என்றால் இவருக்குத்தானே போகப்போகிறது, இப்போது என்ன குடிமுழுகிவிட்டது? அதை நம்பினேன். சத்தியமாக நம்பினேன்.

நியமன ஆணை வந்தது. முப்பது நாளில் சேர வேண்டும். சேரப்போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, கம்பெனியில் ராஜினாமா கொடுத்தேன். கொடுத்த அன்று மதியமே மேனேஜர் கூப்பிட்டார். அவர் மேலே பேசினார், மேலே இருந்தவர் அதற்கும் மேலே பேசினார். இரண்டு வாரம் இழுத்தார்கள். கடைசியில் டீம் லீடர் பதவி, சம்பளம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, இரண்டு வருடத்துக்கு விலக மாட்டேன் என்று கையெழுத்து. போட்டேன். வீட்டுக் கடனை ஏழு வருடத்தில் அடைத்துவிடலாம் என்று லிஃப்ட்டில் இறங்கும்போதே மனசு கணக்குப் போட்டுவிட்டது. அப்படியொரு சந்தோஷம். வண்டி நிறுத்துமிடத்தில் நின்றபடியே அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, ஒரு நல்ல சேதி. ஸ்வீட் வாங்கி வைங்க!"

"என்னம்மா? சேந்துட்டீகளா?"

"இல்லண்ணே. நான் சேரல. இங்கேயே இருந்துக்கிட்டேன். இனி அது ஒங்களுக்குத்தான்!"

அந்தப் பக்கம் ஆரப்பாளையத்துப் பஸ்களின் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று நினைத்து, "அண்ணே, கேக்குதா?" என்றேன்.

"கேக்குதும்மா." "கவுன்சிலிங்ல எடுத்துட்டா அது எடுத்ததுதாம்மா. நீங்க சேரலேன்னாலும் எனக்கு வராது. லிஸ்ட்டு அன்னைக்கே முடிஞ்சுபோச்சு. எடம் காலியாக் கெடக்கும். அடுத்த பரீட்சைக்குத்தான் திரும்பப் போடுவாக."

"என்னண்ணே சொல்றீங்க?"

"அதுக்குத்தானம்மா முன்னாடியே சொல்லிருங்கன்னேன்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கடையில் ஆள் நிற்கிறது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். வருடக்கணக்கில் பரீட்சை எழுதுகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்த விஷயம் அது. அதனால்தான் அவர் எனக்கு விளக்கிச் சொல்லவில்லை. நான் ஒரே ஒரு தடவை எழுதியவள். கவுன்சிலிங்குக்கு முன்னாடி சொல்லுங்கள் என்று அவர் கேட்டதை அவருடைய அவசரம் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் மேல் பாய்ந்தேன். "ஒங்களுக்குத் தெரியும்ல? ஏன் சொல்லல?"

"நீ சேரப்போறேன்னுல என்கிட்டச் சொன்ன? ராஜினாமா குடுத்துட்டேன்னுல சொன்ன? சேரப்போறவளுக்கு அத எதுக்குச் சொல்லணும்?" என்றார். பிறகு, "ஒரு தடவ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல" என்றார்.

மறுநாள் காலையில் அந்த அலுவலகத்துக்கே போனேன். ராத்திரி முழுக்க யோசித்து ஒரு கடிதம் எழுதியிருந்தேன்: எனக்கு ஒதுக்கிய பணியை எனக்கு அடுத்த நிலையில் இருப்பவருக்கு வழங்கக் கேட்டுக்கொள்கிறேன் என்று. நிர்வாகப் பிரிவின் கண்காணிப்பாளர் ஒரு மூத்த அம்மா. கடிதத்தை முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இது என்ன ரேஷன் கார்டா, பேர் மாத்திக் குடுக்க?"

"மேடம், அவருக்கு வயசு தாண்டிரும் மேடம்."

"தாண்டுந்தான். அதுக்கு நான் என்ன செய்யட்டும்?" கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார். "இன்னும் ஆறு நாள் இருக்கு. சேர்றதா இருந்தா வாங்க, நாங்களும் ஆள் இல்லாமத்தான் கெடக்கோம். சேரலேன்னா விருப்பமில்லேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். சேரலாம். இன்னும் சேரலாம். கம்பெனியில் போட்ட கையெழுத்துக்கு அபராதம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். சேர்ந்தால் அந்த இடம் வீணாகாது. மாடியிலிருக்கிற ஒப்பந்தப் பெண்ணுக்கு ஒரு கை கிடைக்கும். வாடிப்பட்டிப் பெரியவர் மாதிரி நாலு பேருக்கு இரண்டு நிமிடத்தில் வேலை முடியும். ஆறு நாளும் இதையே நினைத்தேன். ஐந்தாம் நாள் அண்ணனே கூப்பிட்டார்.

"சேந்துட்டீகளாம்மா?"

"இன்னும் இல்லண்ணே."

"சேந்துருங்கம்மா. எனக்குத்தான் இல்லேன்னு ஆயிருச்சு, நீங்களாவது போங்க. அது சும்மா கெடந்துச்சுன்னா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும்மா, சொல்லிப்புட்டேன்."

"வீட்டுக் கடன் இருக்குண்ணே" என்றேன். "பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸு…" என்று இழுத்தேன். சொல்லச் சொல்ல எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. ஆனாலும் அதைத்தான் சொன்னேன். ஆறாம் நாள் காலையில் போய் விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். கண்காணிப்பாளர் அம்மா தேதி போட்டிருக்கிறேனா என்று மட்டும் பார்த்தார்.

வெளியே வந்ததும் அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். மூன்றாம் மனிதர் யாரோ சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நினைத்தேன். ஏசுவார், ஏசட்டும் என்று தயாராகத்தான் இருந்தேன். அந்த நாற்காலியில் தினமும் உட்கார்ந்தால் உங்கள் நினைப்பு வரும், அதனால்தான் சேரவில்லை என்று ஒரு பதிலும் யோசித்து வைத்திருந்தேன். சம்பளம்தான் காரணம் என்பதை மறைக்க அது நன்றாக இருந்தது.

"சரிம்மா" என்றார். ஏசவில்லை. பிறகு, கோபமே இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல ஒன்று கேட்டார்.

"அப்ப அன்னைக்கு எதுக்கும்மா சென்னைக்கு வந்தீக?"

யோசித்து வைத்திருந்த பதில் இதற்குப் பொருந்தவில்லை. "தெரியலண்ணே" என்றேன்.

எனக்குத் தெரியும். கையில் ஒரு கடிதம் வேண்டும் என்று வந்தேன்.